டப்பாவில் போட்ட சீட்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய சீட்டு கிடக்கிறது. மடிப்புகளில் மை கலைந்துவிட்டாலும் என் கையெழுத்தை இன்னும் வாசிக்க முடிகிறது: ‘ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் உள்ள இருவரை நிரல் ஒருவராகவே எடுத்துக்கொள்கிறது. காலையில் திருத்த வேண்டும்.’

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம் இருந்தது. குழுத் தலைவரை நாங்கள் அண்ணன் என்றே அழைத்தோம். ஆறு மணிக்குள் அவிழாத சிக்கலைச் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். “ஒறக்கம் வந்த கண்ணுக்குத் தப்பும் சரியாட்டுதான் மக்கா தெரியும். டப்பாக்குள்ள கெடக்கட்டு, எங்கயும் ஓடிராது” என்பார். பெருநகரங்களுக்குப் போன என் வகுப்புத் தோழிகள் அலுவலக நாற்காலியிலேயே விடியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உழைப்பவரின் உறக்கத்தை மதிக்கும் ஒருவரிடம் வேலை செய்கிறேன் என்று அவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்போது கடற்கரைப் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்காக, இரத்தப் பரிசோதனை முடிவுகளை அச்சிடும் நிரலை எழுதிக்கொண்டிருந்தோம். நோயாளியை அவருடைய பெயராலும் தகப்பன் பெயராலும் அடையாளம் காணும்படி நான் அமைத்திருந்தேன். கடற்கரைக் கிறித்தவ ஊர்களில் கோயில் புனிதரின் பெயர் வீட்டுக்கு வீடு இருக்கும், தகப்பன் பெயரும் ஒத்துப்போகும் என்பது மலையோரக் கீரிப்பாறையில் வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. நிரலை நிறுவுவதற்கு முந்தின நாள் மாலை ஐந்தரைக்குத்தான் பிழை கண்ணில் பட்டது.

“இருந்து முடிச்சிட்டே போறேன் அண்ணே” என்றேன்.

“கீரிப்பாறை பஸ்ஸ விட்டா எப்படிப் போவ? நாளைக்கு வைக்கண்டாம்னு ஆசுபத்திரில நான் சொல்லிக்கிடுதேன். காலத்த வா, ரெண்டுபேருமாட்டு பாப்போம்.”

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். “ஏட்டி, உனக்க பிழையே டப்பாக்குள்ள ஒறங்கப் போவுது. உனக்கு மட்டும் என்ன?”

சீட்டைப் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். அன்று நன்றாக உறங்கினேன்.

அண்ணன் மருத்துவமனைக்குச் சொல்லவே இல்லை. காலையில் நேராக அங்கே போய், இருந்தது இருந்தபடியே நிரலை நிறுவிவிட்டார். மதியத்துக்குள் ஒரு பெண்ணின் சர்க்கரை அளவு, அதே பெயருள்ள இன்னொருத்தியின் தாளில் அச்சாகி வந்தது. இருவரையும் அறிந்த செவிலியர் ஒருவர் கவனித்துத் தடுத்ததால் ஊசி போடப்படவில்லை. அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதை இன்றுவரை என்னால் நிறுத்த முடியவில்லை.

மாலையில் முதலாளி அழைத்தார். அவர் மேசைமேல் என் சீட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. “இவளுக்குத் தெரியும் சார். தெரிஞ்சும் ஆறு மணிக்கு எறங்கிப் போயிட்டா” என்றார் அண்ணன். என்னை அனுப்பியவர் தாம்தான் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொன்னபோது, “எழுதி வாங்கினியா?” என்று முதலாளி கேட்டார். என் கையில் சீட்டையும் கொடுத்து, வேலையிலிருந்தும் அனுப்பிவிட்டார்.

அண்ணனுக்கும் ஏதோ அச்சம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் போதித்தது பொய்யல்ல என்பதுதான் எனக்கு ஆறாமல் இருக்கிறது. சீட்டைப் போட்ட அந்த இரவு நான் கண்விழித்து உட்கார்ந்திருந்தால் இன்னும் இரண்டு பிழைகளைச் சேர்த்திருக்கக்கூடும். உண்மையான ஒரு சொல்லை, அதைச் சொன்னவரே கைவிட்டார். எனக்குப் பிறகு அந்த மாடியில் யாரும் டப்பாவைத் தொடவில்லை என்றும், எல்லோரும் அயர்ந்து விழும்வரை இருந்தார்கள் என்றும் பக்கத்து மேசைக்காரி பிறகு சொன்னாள்.

இப்போது நாகர்கோவிலில் என் பொறுப்பில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். எங்களிடமும் ஒரு டப்பா உண்டு. நேற்று மாலை தோவாளையிலிருந்து வரும் பெண் தயங்கித் தயங்கி ஒரு சீட்டை நீட்டினாள். அதை வாங்கி, அவள் எழுத்துக்குக் கீழே, ‘வீட்டுக்குப் போகச் சொன்னது நான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

“இது எதுக்குக்கா?” என்று கேட்டாள்.

“கெடக்கட்டு. நீ பஸ்ஸ விட்டுராத” என்றேன்.