ஊறப் போட்ட படகும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், நினைவு மலரின் இந்தப் பக்கங்களை எழுதும் பொறுப்பு உடன்பிறந்தவன் என்ற முறையில் என்னிடம் வந்தது. பொறுப்பைத் தந்த கையோடு என் மனைவி ஒரு நிபந்தனையும் போட்டார்.

"எழுதுங்க. ஆனா நீங்க வழக்கமா எழுதுற மாதிரி எழுதாதீங்க. வர்ற சனம் அழுறதுக்கு வர்றாங்க."

நியாயம்தான். சாவு வீட்டில் என்னைப் பந்தல் கம்பத்தோடு சேர்த்து, பிரேதத்துக்குத் தூரமாக உட்கார வைப்பது எங்கள் உறவில் நெடுநாள் வழக்கம். பக்கத்தில் இருப்பவர்களைச் சிரிக்க வைத்துவிடுவேன் என்று பயம். உண்மையில் பயம் எனக்குத்தான். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு வயிறு கலக்கும். எனக்கு வாய் ஓடும். இது அக்காவுக்கு மட்டும் தெரியும். நான் அதிகமாகப் பேசினால், "என்னடா, எதுக்குப் பயந்துபோய் இருக்கே?" என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். இந்தக் கட்டுரையில் எங்காவது என் வாய் ஓடினால், அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு மலையில் கொழுந்து பறிப்பு. அக்கா பதுளையில் தங்கி உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா இறந்துபோனார். நான் அப்போது சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாத வயதில் இருந்தேன். அக்கா படிப்பை விடவில்லை, எங்களையும் விடவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்து, அம்மாவோடு ஞாயிறு வரை வீட்டு வேலை பார்த்து, மறுபடி பஸ் ஏறுவார். ஆசிரியையாகி, பசறைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு நியமனம் கிடைத்ததும் எங்கள் இருவரையும் தன்னோடு அழைத்துக்கொண்டார்.

அக்காவுக்குச் சம்பந்தம் பேசி எங்கள் தாய்மாமா வந்தபோது அக்கா சொன்னதை மாமா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்: "மொதல்ல இந்தக் கழுதையைக் கரையேத்திட்டு வர்றேன் மாமா, பொறகு பாக்கலாம்." கழுதை யார் என்று விளக்கத் தேவையில்லை. அது இன்னும் கரையேறவில்லை. அக்கா திருமணம் செய்துகொள்ளவுமில்லை.

தோட்டத்து மக்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் எழுதித் தருவது, பிறப்புப் பதிவு இல்லாதவர்களைப் பதுளைக்கு அழைத்துச் செல்வது, மண் சரிந்த ஒரு மழைக்காலத்தில் லயத்துக் குடும்பங்களைப் பாடசாலையில் தங்கவைத்து அங்கேயே அடுப்பு மூட்டியது எல்லாம் இந்த மலரை வாசிக்கும் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்களில் பலர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள். ஆகவே உங்களில் சிலருக்குப் புரியாமலே போன விஷயத்துக்கு வருகிறேன். மலையில் பிறந்த அக்காவுக்கு மரப்படகின் மேல் எப்படி ஆசை வந்தது?

அந்தப் பாடசாலைக்குப் பின்னால் ஒரு குளம் உண்டு. மின்சாரம் வராத காலத்தில் தொழிற்சாலை இயந்திரத்தைச் சுற்ற வைக்க வெள்ளைக்காரத் துரைமார் கட்டியது. குளக்கரைக் கொட்டிலில் துரைமார் விட்டுப்போன ஒரு படகு கிடந்தது. ஓடு வேய்ந்தாற்போலப் பலகை மேல் பலகை அடுக்கி, செப்பாணி அடித்த படகு. அதை வெட்டித் தொழிற்சாலை அடுப்பில் போட ஆள் வந்த அன்று, அக்கா வகுப்பை விட்டு இறங்கிப்போய்க் கோடரிக்கு முன்னால் நின்றார். விறகுப் பொறுப்பு அப்போது தொழிற்சாலை அதிகாரியான டீமேக்கர் ஐயாவிடம் இருந்தது; அவரும் வந்திருந்தார்.

"டீச்சர், தள்ளுங்க. இது வெறகு."

"வெறகுக்கு யாராவது இப்புடி வளைவு வப்பாங்களா ஐயா?"

டீமேக்கர் ஐயா குனிந்து அந்த வளைவைப் பார்த்தார். பார்த்தவர் கெட்டார். அதன் பிறகு அக்கா தொடங்கிய மரப்படகு மன்றத்தின் தலைவராக இன்றுவரை அவரே இருக்கிறார். அடுத்துச் சேர்ந்தவர் லுணுகலை பஸ் ஓட்டிய சோமபால அண்ணர். மன்றத்தின் மொத்த உறுப்பினர்களும் ஒரு முச்சக்கர வண்டியில் நெருக்கி ஏறிவிடலாம். ஆனாலும் அக்கா அதற்கு ஒரு பத்திரிகை நடத்தினார். பெயர் 'அணியம்'. படகின் முன்பக்கத்துக்குத் தமிழில் அதுதான் பெயராம். பதுளையில் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்தில்தான் அதுவும் அச்சாகும். எங்கே எந்தப் பழைய படகு கிடக்கிறது, எந்த மரத்துக்கு எந்த எண்ணெய், கறையானுக்கு என்ன மருந்து என்று அக்கா எழுதுவார். கடற்கரை ஊர்களில் இருந்தெல்லாம் வாசகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், "மலையில் இருப்பவர்களுக்குப் படகு எதற்கு?" என்று எழுதிக் கேட்டார். அக்கா அதை அப்படியே வெளியிட்டு, அடியில் பதில் போட்டார்: "நீங்கள் படகை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வைத்திருக்கிறோம்."

கடைசிப் பக்கத்தில் நகைச்சுவை எழுதியது நான். நீச்சல் தெரியாதவன், அந்தப் படகில் ஒருநாளும் ஏறாதவன், பத்திரிகையில் என் பக்கத்தைத் தவிர வேறெதையும் வாசிக்காதவன். மூன்றும் மன்றத்துக்குத் தெரியும்.

பிறகு அக்காவின் இருதயம் பலவீனப்பட்டது. உடம்பில் நீர் கட்டத் தொடங்கியது. கால் வீங்கும், மருந்தில் வடியும், மறுபடி வீங்கும். அக்கா இல்லாமல் படகில் ஏற யாருக்கும் மனம் வரவில்லை. அதைக் கரையேற்றிக் கொட்டிலில் கவிழ்த்து வைத்தார்கள். வெயில் காலங்கள் அதன் மேல் கடந்து போயின.

பதுளை வைத்தியசாலையில் பார்வையாளர் நேரத்தில் ஒருநாள் அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, படகை எறக்குங்கடா. ஒரு தடவை போய் உக்காந்துட்டு வந்துர்றேன்."

அக்கா எனக்குத் தெரிந்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. அதனால்தான் பயந்து உடனே எழுந்தேன். வைத்தியரிடம் ஓடினேன்.

"ஐயா, அக்கா படகுல ஏறலாமா?"

"எந்தப் படகு?"

"ஓடாதுங்க ஐயா. சும்மா நிக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எந்த வார்டுக்கு என்னை அனுப்பலாம் என்று யோசித்திருக்கலாம். பிறகு, வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம், சிரமம் கொடுக்காமல் அவர் ஆசைப்படுவதைச் செய்யுங்கள் என்று மெல்லச் சொன்னார். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியும். அன்று பஸ்ஸில் பசறை வரும்வரை பக்கத்து இருக்கைக்காரருக்கு நான் சொன்ன வேடிக்கைக் கதைகளுக்கு அளவே இல்லை.

அக்காவை வீட்டில் சேர்த்த மறுநாளே படகை இறக்கினோம். நீரைத் தொட்டதும் எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீறிட்டது. படகா சல்லடையா என்று தெரியவில்லை. டீமேக்கர் ஐயாவும் சோமபால அண்ணரும் அதைக் கரைக்கு இழுத்துவிட்டு யோசனையில் நின்றார்கள். நான் நிற்கவில்லை. வண்டி பிடித்துப் பசறைக்குப் போய், ஹார்ட்வெயார் கடையில் தார் டின்னும் சீமெந்துப் பையும் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு படகை அல்ல, ஒரு பாலத்தையே கட்டும் வேகத்தில் சட்டையைக் கழற்றினேன். வெட்டிப் பெருமைக்காக அக்காவுக்குத் தொலைபேசியும் எடுத்தேன்.

"கவலைப்படாதீங்க அக்கா. எல்லா ஓட்டையையும் அடச்சிர்றேன்."

"எத வச்சி?"

சொன்னேன். மறுமுனையில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே குறுக்கிட்டார்.

"அடைக்காத. அமுக்கு."

"என்னக்கா?"

"படகைத் தண்ணிக்குள்ள அமுக்குடா. காஞ்ச பலகை சுருங்கிக் கெடக்கு. ஊறுனா அதுவா வீங்கி ஒன்னோட ஒன்னு சேந்துக்கும். நீ சீமெந்த வச்சி அடச்சா அது வீங்க எடமில்லாம ஆணியத் தெறிச்சிட்டு வெடிச்சிப் போகும். இத நான் எத்தன தடவ எழுதியிருக்கேன். நீ நம்ம பத்திரிகை வாசிக்கிறதே இல்லையா?"

"வாசிப்பேன்க்கா."

"எந்தப் பக்கம்?"

நான் பேச்சை மாற்றினேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

"அத மரத்துக்கிட்டதான் கேக்கணும்" என்றார்.

ஆற்றுக் கல்லைச் சாக்கில் கட்டி ஏற்றினோம். வெறும் கல் பலகையைக் கீறிவிடும் என்று அக்காவின் உத்தரவு. கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் படகு மெல்ல உள்ளே இறங்கியது. முதலில் நடு, பிறகு விளிம்பு, கடைசியாக அணியம். ஒரு பெரிய குமிழி வந்தது. அவ்வளவுதான். அக்கா உட்கார ஆசைப்பட்ட இடத்தை நாங்களே மூழ்கடித்துவிட்டோம். கரையில் நின்று ஏதேதோ உளறினேன்.

தம்பியைச் சிங்களத்தில் மல்லி என்று கூப்பிடும் சோமபால அண்ணர் தண்ணீருக்குள் இருந்து திரும்பினார். "மல்லி, மூச்சு விடுங்க. முழுகுறது படகு. நீங்க இல்ல."

அன்றிலிருந்து தினமும் காலையில் என் கடையைத் திறப்பதற்கு முன் குளத்துக்குப் போவேன். போய், தண்ணீரைக் கண்டால் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொள்ளும் நான், இடுப்பளவு இறங்குவேன். பலகை இடுக்கில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அக்கா கொடுத்த வேலை. பல் கிட்டித்துக்கொண்டு அங்கிருந்து நேரே அக்காவிடம்.

"நகம் போகுதா?"

"முழுசும் போகுதுக்கா."

"சரி. இன்னும் ஊறட்டும்."

அக்காவின் கால்கள் தலையணை மேல் இருக்கும். நான் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பேன். அவர் விடமாட்டார்.

"பாருடா. படகு வீங்குனா நல்லது, நான் வீங்குனா கெட்டது. ரெண்டு பேருல யாரு மொதல்ல முடிக்கிறான்னு பாப்போம்."

"அக்கா, நக்கல் பண்றது என் தொழில். நீங்க அதுல கை வக்காதீங்க."

"ஒன் பக்கம் சுமாராத்தான் இருக்கும், ஒன்கிட்ட நான் சொன்னதில்ல" என்றார். சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு இளைப்பு வந்தது. அதன் பிறகு நான் அவரைச் சிரிக்க வைக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலை அதுதான்.

நகம் பாதி போனது. பிறகு நுனி மட்டும் போனது. அந்தக் காலைகளில் நான் நடந்து போனதில்லை, ஓடித்தான் போனேன். அக்காவின் பேச்சும் அதே போலக் குறைந்துகொண்டு வந்தது. கேள்வி "நகம்?" என்று சுருங்கியது. பிறகு புருவம் மட்டும் உயர்ந்தது.

ஒரு காலை நகம் போகவே இல்லை. படகைச் சுற்றி வந்து ஒவ்வோர் இடுக்கிலும் தடவினேன். ஒரே பலகை போல இருந்தது. இடுப்பில் நனைந்த சாரத்தோடு வீட்டுக்கு ஓடினேன். வீட்டில் அக்கா இல்லை. மூச்சு முட்டி, என் மனைவி வாகனம் பிடித்துப் பதுளைக்குக் கொண்டுபோயிருந்தார். நானும் போய்ச் சேர்ந்தேன். முகத்தில் மூச்சுக்கு ஒட்சிசன் மூடி. கண் திறந்திருந்தது. கட்டைவிரலைக் காட்டித் தலையை ஆட்டினேன். அக்கா என் விரலைப் பிடித்து, நகத்தை நெடுநேரம் பார்த்தார். மூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"நாளைக்குக் கல்ல எடுங்க."

மறுநாள் காலை டீமேக்கர் ஐயா, சோமபால அண்ணர், நான் மூவரும் தண்ணீரில் இறங்கி முதல் சாக்கில் கை வைத்திருந்தபோது, கரையில் கிடந்த என் தொலைபேசி அடித்தது. அக்கா போய்விட்டார். நாங்கள் தண்ணீரில் நின்றபடியே நின்றோம். அன்று கல்லை யாரும் எடுக்கவில்லை.

பால் தெளித்து, சாம்பல் அள்ளிய அன்றுதான் கல்லை எடுத்தோம். அஸ்தியைப் படகில் கொண்டுபோய்க் குளத்தில் கரைக்க மாமா முதலில் சம்மதிக்கவில்லை.

"அஸ்தியை ஓடுற தண்ணியிலதான்யா கரைக்கணும். இது குளம்."

"இந்தத் தண்ணி நிக்கிதுன்னு யாருங்க சொன்னது?" என்றார் டீமேக்கர் ஐயா. "மதகு தாண்டுனா ஓடை, ஓடை தாண்டுனா ஆறு. எல்லாம் போய்ச் சேரும். டீச்சர் ஒரு தடவை ஏறட்டும்."

மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

கல்லை இறக்கி, தண்ணீரை இறைத்ததும் படகு தானாக எழுந்து நின்றது. அஸ்திக் கலயத்தை மடியில் வைத்து நான் ஏறினேன். என் முதல் படகுப் பயணம். வாளி ஒன்றையும் ஒரு பால்மா டின்னையும் காலடியில் வைத்துக்கொண்டேன். சோமபால அண்ணர் துடுப்புப் போட்டார். நடுக்குளத்தில் கரைத்தோம். திரும்பி வந்தோம்.

இனி நன்றி. அக்காவைத் தங்கள் தாயைப் போலத் தாங்கிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கேட்காமலே வாகனம் கொண்டுவந்த அயலவருக்கும், மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்த லயத்துப் பெண்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பாடை சுமந்த பழைய மாணவர்களுக்கும், தொலைவிலிருந்து இரங்கல் எழுதிய 'அணியம்' வாசகர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. யார் பெயராவது விடுபட்டிருந்தால் திட்டுவதற்கு என் கடை காலை முதல் திறந்திருக்கும். டீமேக்கர் ஐயாவுக்கும் சோமபால அண்ணருக்கும் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சொல்லவில்லை.

படகுக்கு மட்டும் என்னால் இன்னும் நன்றி சொல்ல முடியவில்லை. அன்று போகும்போதும் வரும்போதும் நான் அதன் அடிப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டின் கையில் தயாராக இருந்தது. அக்கா சொன்னபடியே ஊறி, சொன்னபடியே சேர்ந்து, அது ஒரு சொட்டுக் கூட உள்ளே விடவில்லை. கொஞ்சம் தண்ணீர் வந்திருந்தால் அதை அள்ளி இறைத்துக்கொண்டாவது இருந்திருப்பேன்.