ஈ மோடு, பி மோடு, ஒரு மூன்றடுக்கு கேக்

அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகும்போது யாராவது தங்குவதற்கு வீட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போவார்களா? என் மனைவி ஸ்டெல்லா போனாள். போன மாதம்தான். கூடவே போன அப்பாவி அடியேன்.

"வாடகைக்கு ஒரு மோட்டார் ஹோம் எடுங்க" என்றாள் ஒரு நாள் காலையில், காபியை நீட்டிக்கொண்டே. கட்டில், பாத்ரூம், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஏ.சி. எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. ஒரு சின்ன ஃபிளாட்டுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும்.

எதற்கு? ஏலகிரியில் அவளுடைய அக்கா ரீட்டாவின் மகள் ஜெனிக்குக் கல்யாணம். ரீட்டா வீட்டில் ஆறு அறைகள் இருக்கின்றன. ஆனால் ஸ்டெல்லா அங்கே தங்க மாட்டாள். "அவ வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சபதம். இரண்டு வருடமாக அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை.

காரணம்... ஒரு கேக்.

ஸ்டெல்லா மேனாம்பேட்டில் எங்கள் வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவள். அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரைக்கும் அவள் கேக் வெட்டாத பிறந்தநாள் கொஞ்சம்தான். அப்படிப்பட்டவள் இருக்கும்போது, ரீட்டா தன் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குக் கடையில் கேக் வாங்கிவிட்டாள். ஸ்டெல்லா ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவில், "பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச யாரு வெட்டி வெச்சது?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ரீட்டா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் நான். அக்கா போன் செய்து புலம்பினால், "நீங்க சொல்றதும் நியாயம்தான் அக்கா" என்பேன். போனை வைத்ததும் ஸ்டெல்லாவிடம், "நீ சொல்றதும் சரிதான்" என்பேன். எந்தப் பக்கமும் சாயாமல் குடும்பத்தை ஓட்டுவதில் எனக்கு ஒரு தனிப் பெருமை உண்டு.

இந்த நிலைமையில்தான் ஜெனி போன் செய்தாள். "சித்தி, என் கல்யாண கேக் நீதான் செய்யணும். நீ செய்யலன்னா கேக்கே வேணாம்."

ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்கு நாள் உழைப்பு. மூன்று அடுக்கு, வெள்ளை ஐசிங், சர்க்கரையில் செய்த நாற்பது ரோஜாக்கள். கடைசி ரோஜாவை ஒட்டிவிட்டு அவள் சொன்னது இதுதான்: "இது முழுசாப் போய்ச் சேரணும். ஒரு கீறல் விழுந்தாலும் 'ஸ்பாஞ்ச்'னு அவ திருப்பிச் சொல்லிடுவா. அப்புறம் சாகிற வரைக்கும் எங்களுக்குள்ள பேச்சே இருக்காது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வண்டியும் வந்தது, கூடவே ஓட்டுநர் ஏழுமலையும் வந்தார். குமணன்சாவடிக்காரர். மலை ஏற வேண்டிய வண்டிக்கு அந்தப் பெயரில் ஒருவர் வந்ததை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். கேக்கைப் பெட்டியோடு கட்டிலில் வைத்து, சுற்றிலும் தலையணை அடுக்கியாயிற்று.

முன் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால், கிளட்ச் இல்லாத வண்டி. கியர் தானாக மாறிக்கொள்ளும். டேஷ்போர்டில் இரண்டு பட்டன்கள். ஒன்றில் ஆங்கில எழுத்து ஈ. இன்னொன்றில் பி.

"பி-ன்னா பார்க்கிங்தானே?" என்றேன். என் காரில் அப்படித்தான்.

"இன்னா சார் நீங்க, அது வேற. இது பவரு. ஈ-ன்னா எகானமி" என்றார் ஏழுமலை. "ஈ சாந்தம் சார். கியரு சீக்கிரம் சீக்கிரம் மேல போய்கினே இருக்கும். இன்ஜின் கத்தாது, டீசல் மிச்சம். பி கோவக்காரன். சின்ன கியர கெட்டியா புடிச்சிகினு, கத்திகினே இஸ்துகினு போவான்."

பின்னாலிருந்து ஸ்டெல்லா எழுந்து வந்தாள். 'கோவக்காரன்' என்ற வார்த்தை காதில் விழுந்துவிட்டது.

"கேக் இருக்குண்ணே. போற வழி முழுக்க ஈ-தான்."

சொன்னதோடு விட்டாளா? கேக் பெட்டிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, பி பட்டன் மேல் ஒட்டிவிட்டாள். சிவப்பு எழுத்தில் 'சாய்க்காதீர்கள்' என்று போட்டிருக்கும். பட்டன் கண்ணுக்கே தெரியவில்லை.

கேக் இருக்கிற இடத்தில் ஈயை அனுமதித்த ஒரே பேக்கரிக்காரி உலகத்தில் என் மனைவியாகத்தான் இருப்பாள். இதை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ரோட்டில் ஏறியதும், ஈ மோடு சுகமோ சுகம். சத்தமில்லை, அதிர்வு இல்லை. டம்ளரில் இருந்த டீ அசையவில்லை. ஆம்பூரில் பிரியாணி வாசனைக்கு ஏழுமலை லேசாக பிரேக்கில் கால் வைத்தார். "கேக்கு" என்று பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. கால் எடுத்தார். எனக்கும் மனசு கேட்கவில்லை, கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மலை அடிவாரம் வந்தது. மேலே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்.

"அக்கா, இங்கேர்ந்து பி-ல போட்டுக்கலாமா?"

"வேணாம்ணே. மெதுவாவே போங்க."

முதல் வளைவு தாண்டியது. இரண்டாவதில் ஆரம்பித்தது கூத்து. வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும், மிச்சம் பிடிக்கிற ஆசையில் மேல் கியருக்குப் போகும். மேட்டில் அந்தக் கியருக்குத் தெம்பு போதாது. உடனே கீழே இறங்கும்... ஒரு வெட்டு. திரும்ப மேலே... இன்னொரு வெட்டு. டீ டம்ளர் உருண்டது. என் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. பின்னால் ஸ்டெல்லா தரையில் மண்டியிட்டுப் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தாள்.

"மெதுவாப் போங்கண்ணே" என்றாள். அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவில் ஒரு குரல்.

"மெதுவாத்தான் போறேங்கா. மெதுவாப் போறதாலதான் வெட்டுது."

நான்காவது வளைவில் இடம் பார்த்து ஓரம் கட்டினார். ஸ்டெல்லா பெட்டியைத் திறந்தாள். இரண்டு ரோஜாக்கள் உதிர்ந்து கிடந்தன. அடி அடுக்கின் ஐசிங்கில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அவள் உதிர்ந்த ரோஜாக்களைப் பொறுக்கிப் பெட்டி ஓரத்தில் வைத்தாள்.

ஏழுமலைதான் பேசினார். "அக்கா, தப்பா நென்ச்சிக்காதீங்க. மேட்டுல வந்து மிச்சம் புடிச்சா, ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது, இப்படித்தான் லோலுபடும். பி-ல போட்டா சத்தம் கீது, இல்லேங்கல. ஆனா ஆட்டம் இருக்காது."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

வழக்கம்போல, "அவர் சொல்றதும் சரிதான், நீ சொல்றதும்..." என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விரிசலைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

"பி-ல போடட்டும்" என்றேன்.

அவள் முன்னால் வந்து, ஸ்டிக்கரைத் தன் நகத்தாலேயே உரித்தாள். உரித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் என் சட்டைப் பையில் ஒட்டிவிட்டு, பெட்டியிடம் திரும்பிப் போனாள்.

பி மோடில் இன்ஜின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. ஆனால் வண்டி? ஒரே கியரைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக, மிச்சமிருந்த பத்து வளைவுகளும் ஏறியது. ஒரு ரோஜாகூட அசையவில்லை.

நாம் எத்தனை இடத்தில் இப்படி ஈ மோடில் மலை ஏறுகிறோம் என்று யோசித்துக்கொண்டே போனேன். நேராக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில், சத்தம் வரக் கூடாதே என்று நயமாக, பாதியாக, சுற்றி வளைத்து... கடைசியில் சத்தம் வருவதில்லை. உள்ளே இருக்கிற கேக்தான் விரிசல் விடுகிறது.

ரீட்டா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்க" என்றாள் தங்கையைப் பார்த்து.

கவனித்தீர்களா? வாழ்நாள் முழுக்க 'வாடி' என்று கூப்பிட்ட அக்கா. மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடக் கோபமும் அந்த 'ங்க'வில் இருந்தது.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"இருக்கோம். வழியெல்லாம் சௌகரியமா?"

"சௌகரியம்தாங்க."

மேல் கியர், கீழ் கியர். ஸ்டெல்லா ஒரு முறை வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பேசினாள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"அக்கா, கேக்குல விரிசல் விட்டுருச்சு. ஸ்பாஞ்ச்னு சொல்லணும்னா சொல்லிக்கோ. அன்னிக்கு உன் கேக் நல்லாத்தான் இருந்துச்சு. என்கிட்ட கேக்கலையேன்னு வயித்தெரிச்சல்ல அப்படிப் பேசிட்டேன். நான் பண்ணது தப்பு."

ஏழுமலை இறக்கி வைத்திருந்த பெட்டியைத் திறந்து காட்டினாள். ரீட்டா பெட்டிக்குள் கை விட்டு, உதிர்ந்த ரோஜா ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"சக்கரை கொஞ்சம் தூக்கல்டி" என்றாள்.

அந்த 'டி'யைக் கேட்டதும் ஸ்டெல்லா உடைந்து அழுதுவிட்டாள். அக்காவும்தான். கேட் ஓரமாக நின்ற எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது?

"அப்ப உனக்கு வெரல்ல தையல் போட்டிருந்துச்சு. கட்டுப் போட்ட கையோட கேக் அடிக்கச் சொல்லவா? அதான் கடையில வாங்கினேன்" என்றாள் ரீட்டா.

"இத அன்னிக்கே என்கிட்ட சொல்றதுக்கென்னக்கா?"

"மறுநாளே உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே. அவர் சொல்லலையா?"

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன்... சொல்லாமல் இல்லை. 'அக்கா பக்கமும் ஏதோ காரணம் இருக்குமாம்' என்று, அடுப்படி விசில் சத்தத்துக்கு நடுவில், நயமாக, ஈ மோடில் சொன்னேன்.

"சார்" என்றார் பின்னாலிருந்து ஏழுமலை, மெல்லிய குரலில். "இந்த மேட்டுக்கு பி-யும் பத்தாது."

ஸ்டெல்லா வண்டியிலிருந்து தன் தலையணையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் போனாள். சக்கரம் வைத்த வாடகை வீட்டில் தங்கியது நானும் ஏழுமலையும்தான்.

அதற்கு முன் ஜெனி ஓடி வந்து ஒரு போட்டோ எடுத்தாள். அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் தங்கை, நடுவில் நான். இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் என் சட்டைப் பையில் சிவப்பு எழுத்தில் இருப்பதைச் சத்தமாகப் படிக்கிறார்கள்: 'சாய்க்காதீர்கள்.'