கீழிருந்து மேலாக ஒரு படிவம்

எந்தச் சுவரைக் கடந்தாலும் அவள் ஒருமுறை தட்டிப் பார்ப்பாள். கதவைத் தட்டுவது போல அல்ல. நடுவிரலை மடக்கி அதன் மூட்டால் இரண்டு தட்டு. பிறகு தலையைச் சற்றுச் சாய்த்து அரை நொடி நிற்பாள். சுவர் ஏதோ சொல்லி முடித்த மாதிரி முகம் தெளியும். அப்புறம்தான் நகர்வாள். பல் மருத்துவமனையின் வரவேற்பறையில் தட்டுவாள். பேருந்து நிறுத்தத்துத் தூணைத் தட்டுவாள். கூட வருகிறவர்கள் நாலடி முன்னே போய், ஆளைக் காணோமே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அவளுக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்தது மாமா, அம்மாவின் தம்பி. கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஊரில் பழுதாகாத ஒரே இயந்திரம் என் தம்பியின் வாய்தான் என்பாள் அம்மா.

பன்னிரண்டு வயதில் ஒரு நாள் சமையலறைச் சுவரின் மூலையில் பதித்திருந்த ஓடுகளைத் தட்டிவிட்டு, "இந்த ஆறு ஓடும் ஒட்டவே இல்லம்மா, சும்மா நிக்குது" என்றாள்.

"சும்மா நிக்குதா? அப்ப உங்க மாமா வகையறாவா இருக்கும்" என்று அம்மா குழம்பைக் கிளறினாள்.

மூன்றாவது வாரம் ஆறு ஓடுகளும் ஒன்றாகக் கழன்று விழுந்தன. நல்லவேளையாக அடுப்பருகே யாரும் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் கேலி குறையவில்லை. ஆனால் அவள் எதையாவது தட்டும்போது எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள்.

பள்ளி முடிந்து மதிப்பெண் வந்தது. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. வினையே அங்கேதான் தொடங்கியது. மதிப்பெண் குறைந்திருந்தால் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இப்போது எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றானபோது, எதைக் கேட்பது என்று வீடே கூடிவிட்டது. பொறியியல் கல்லூரியில் ஐந்து பிரிவுகள். விருப்ப வரிசைப்படி ஐந்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலிருந்து எது கிடைக்கிறதோ அதுதான் நாலு வருடம். அப்புறம் அதுதான் ஆயுசு.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கம்ப்யூட்டர்" என்றார் மாமா. "ஏசி ரூம், சுத்துற நாற்காலி. கால்ல மண்ணு ஒட்டாது."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். "எலக்ட்ரிக்கலும் மோசமில்ல" என்று மட்டும் சொன்னார்.

"மச்சான், உங்க எலக்ட்ரிக்கல் மூணாவது. இரண்டாவது எலக்ட்ரானிக்ஸ். நாலாவது மெக்கானிக்கல். கடைசி ஒரு வரி சும்மா கிடக்குமேன்னு சிவில் போட்டுக்கலாம்."

"நீ என்ன சொல்றே?" என்று அம்மா அவளைக் கேட்டாள். அவள் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டு, "பார்க்கலாம்மா" என்றாள். அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

போன வாரம் கல்லூரியைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருந்தார்கள். தோழிகளோடு போனவள், கணினிக் கூடத்தில் கூட்டம் நெரிந்ததால் பின்பக்கம் நழுவி, கட்டடத் துறையின் ஆய்வறைக்குள் போய்ச் சேர்ந்தாள். அங்கே பார்வையாளர் யாரும் இல்லை. ஓர் ஆய்வக உதவியாளர் மட்டும், ஒரு சாணுக்கு ஒரு சாண் கான்கிரீட் கட்டிகளை இரும்பு இயந்திரத்தில் ஒவ்வொன்றாக வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு உடைக்கிறீங்க?"

"எவ்வளவு தாங்கும்னு தெரியணுமே. உடைஞ்சாதானே தெரியும்?" என்றார் அவர்.

மேசையில் இன்னும் மூன்று கட்டிகள் இருந்தன. அவள் கை சும்மா இருக்குமா? மூன்றையும் தட்டினாள். நடுவில் இருந்ததைக் காட்டி, "இது சீக்கிரம் போயிடும்" என்றாள். உதவியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கட்டியை எடுத்து வைத்து விசையை அழுத்தினார். அளவு காட்டும் முள் பாதி தூரம்கூட ஏறவில்லை, கட்டி பொரிந்து உதிர்ந்தது. உள்ளே கைப்பிடி அளவுக்குப் பொந்து.

அவர் மீதி இரண்டு கட்டிகளையும் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். உலகத்தில் தன் விரலுக்கென்று ஓர் அறை இருக்கிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டில் சொல்ல நா எழவில்லை. மாமா சிரிப்பார், அம்மா வெயிலைப் பற்றிப் பேசுவாள், அப்பா பேசாமல் இருப்பார். மூன்றில் கடைசியதுதான் கஷ்டம்.

படிவத்தை அப்பாதான் நிரப்பினார். வீட்டிலேயே அழகான கையெழுத்து அவருடையது. வேலையிலும் தினம் எழுதுகிற மனிதர். ஒரு கட்டடத்து லிஃப்டைச் சோதித்தால் மாடிக்கு ஒரு வரி எழுத வேண்டும். கம்பெனி கொடுக்கும் தாளில் உச்சி மாடி உச்சி வரியில், தரைத்தளம் கடைசி வரியில் இருக்கும். அவர் லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கி வேலையைத் தொடங்கி மேலே போகிறவர். அதனால் தாளையும் அடியிலிருந்து நிரப்பிக்கொண்டே மேலே போவார். இருபத்திரண்டு வருடப் பழக்கம். மாமா ஒவ்வொன்றாகச் சொல்ல, அப்பா முத்து முத்தாக எழுதினார். மடித்து உறைக்குள் வைத்தார்.

கடைசி நாள் காலையில் அவளும் அப்பாவும் மாமாவும் கல்லூரி அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பதினோரு பேர். பொழுது போகாமல் அவள் உறையைப் பிரித்துப் படிவத்தைப் பார்த்தாள்.

முதல் வரியில் சிவில் இருந்தது.

கண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ். தரைத்தளத்தில் கம்ப்யூட்டர். வரிகளுக்கு எண் போட்டிருக்கவில்லை. 'முதல் வரியே முதல் விருப்பமாகக் கொள்ளப்படும்' என்று அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சிட்டிருந்தது. அதை யாரும் படித்திருக்கவில்லை.

வரிசை நகர்ந்தது. ஒன்பது பேர். எட்டுப் பேர். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நினைத்தது தானாக மடியில் விழும். அப்பாவின் கை தவறியது, நான் என்ன செய்ய என்று சொல்லிக்கொள்ளலாம். மாமா எதிரே நின்று, சுழலும் நாற்காலிகளில் எந்த வகை முதுகுக்கு நல்லது என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். ஆறு பேர். அப்பா அவள் நெற்றி வியர்வையைப் பார்த்து, "தண்ணி வேணுமா?" என்றார்.

அந்தக் கேள்வியில் அவள் உடைந்துபோனாள்.

"அப்பா, தலைகீழா எழுதியிருக்கீங்க."

மாமா பாய்ந்து வந்து படிவத்தைப் பிடுங்கினார். "அட கடவுளே. மச்சான், இது என்ன லிஃப்டா, அடியிலேருந்து மேல போக? நல்லவேளை பார்த்தே மரங்கொத்தி. இரு, புது ஃபாரம் வாங்கிட்டு வரேன்."

"வேண்டாம் மாமா. எனக்குச் சிவில்தான் வேணும்."

வரிசையில் முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவின் வாய் அன்றைக்கு முதல்முறையாகப் பழுதானது. அப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார்:

"அப்ப ஏன் சொன்னே? பேசாம குடுத்திருந்தா கிடைச்சிருக்குமே."

"தவறிப்போய் வந்த படிப்புன்னு ஆயிடும்பா. கஷ்டம் வரும்போதெல்லாம் எல்லாரும் அதையே சொல்வீங்க. நானும் சொல்வேன். கேட்டு வாங்கினதா இருக்கணும்."

"வெயில்ல நிக்கணும். மேஸ்திரிங்க உன் பேச்சைக் கேட்கமாட்டாங்க" என்றார் மாமா, குரல் திரும்பி.

"உங்க பேச்சைத்தான் வீட்ல யாரு கேட்கிறாங்க? நீங்க நிறுத்திட்டீங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். தான் இவ்வளவு பேசக்கூடும் என்று அவளே நினைத்திருக்கவில்லை.

"நீங்க தினமும் சாப்பிடும்போது யாரைப்பா திட்டுவீங்க? லிஃப்ட் போற வழியை நேரா கட்டத் தெரியாதவங்களைத்தானே. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தா இரண்டு விரற்கடை சாயுது, கேட்டா 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க'ன்னு சொல்றான்னு. இருபத்திரண்டு வருஷமா அட்ஜஸ்ட் பண்ணிட்டிருக்கீங்க. நான் அந்த ஆள் இடத்துக்குப் போறேன்."

அப்பா, மாமா கையிலிருந்த படிவத்தை வாங்கினார். இரண்டாகக் கிழித்தார். நேரே முன்னால் போய், எழுத்தரிடம் புதிய படிவம் ஒன்று கேட்டு வாங்கி வந்தார். அவள் முகம் சுருங்கியது. அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அது என் கையெழுத்து, தப்பா எழுதினது. இது உன் கையெழுத்தா இருக்கட்டும்."

ஜன்னல் திண்டில் தாளை வைத்து எழுதினாள். முதல் வரியில் சிவில். மற்ற நாலும் அதன் கீழே.

எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அடியில போட வேண்டியதை மேல போட்டுட்டியாம்மா? மார்க் நல்லா இருக்கே. மாத்திக்கிறியா?"

"இல்ல சார். சரியாத்தான் எழுதியிருக்கேன்."

அவர் அவள் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அவங்க சொல்றதுதான் சார்" என்றார். மகளை அவர் 'அவங்க' என்று சொன்னது அதுவே முதல் தடவை. முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும் மாமா கைப்பேசியில் அம்மாவை அழைத்தார். "அக்கா, உன் மரங்கொத்தி மரத்தை விட்டுட்டு கான்கிரீட்டுக்குப் போயிடுச்சு."

"அதுதானே நிக்காம விழப்போறதை முன்னாடியே சொல்லும்" என்றாள் அம்மா. தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டாள்.

நாலு வருடம் ஓடியது. வேலைக்குப் போன முதல் மாதம் மேஸ்திரிகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் அவள் தட்டிப் பார்த்து, மறுபடி பூசச் சொன்ன சுவரை உடைத்துப் பார்த்தபின் கேட்டார்கள். எட்டு மாடிக் கட்டடம் ஒன்றை அவள் பொறுப்பில் எழுப்பியபோது, லிஃப்ட் பொருத்த வேறு கம்பெனி வந்தது. அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு, அழையாத விருந்தாளியாக உச்சிக்கு ஏறித் தூக்குக்குண்டை இறக்கினார். குண்டு அசைந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. குழியில் நின்ற மகள் அளந்து சொன்னாள்: "மூணு மில்லிமீட்டர்தான்பா சாயுது."

எட்டு மாடிக்கு மேலிருந்து, குழி முழுக்க எதிரொலிக்க ஒரு சிரிப்பு இறங்கி வந்தது.

அந்த எழுத்தர் ஓய்வு பெறும் வாரத்தில், சான்றிதழின் நகல் ஒன்று வாங்க அவள் கல்லூரிக்குப் போயிருந்தாள். அவளை அவருக்கு நினைவிருந்தது. அவர்தான் சொன்னார்: அவள் சேர்ந்த வருடம் சிவிலில் சேர்ந்த அறுபது பேரில், அதை முதல் வரியில் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு படிவம்தான்.