எங்கள் கூரையில் குடியேறிய புனுகு

இந்த வினையை இழுத்துவிட்டவள் நான்தான். என் வாய்க்கொழுப்புக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

என் கணவருக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை. திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்து திருப்பதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா. நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், பிள்ளைகள் எல்லாம் ஹைதராபாத்தில். அவருக்கு உறுதியான கான்கிரீட் தளம், எங்களுக்கு சிமெண்ட் ஷீட் கூரை. ஷீட் தெரியாமலிருக்க அதன் கீழே பூ வேலைப்பாட்டோடு ஒரு ஃபால்ஸ் சீலிங். இரண்டுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு இடம் இருந்தது. அந்த இடத்தில் மாசி மாதம் ஏதோ ஒன்று வந்து தங்கிவிட்டது.

முதலில் வாசனைதான் வந்தது, அதுவும் நல்ல வாசனை. பாசுமதி அரிசி வேகிற மாதிரி படுக்கையறை முழுக்க மணந்தது. மாடிப்படியில் எதிரே வந்த ஹவுஸ் ஓனர் அம்மாவிடம், எனக்கும் நாலு விஷயம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, "எங்க ரூம்ல புனுகு மாதிரி வாசனை வருதும்மா" என்றேன்.

வேறு ஊரில் சொல்லியிருந்தால் சரி என்று போயிருப்பார்கள். மலைமேல் பெருமாளுக்கு வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிந்ததும் புனுகுத் தைலம் சாத்துவது இந்த ஊரில் பால் ஊற்றுகிறவருக்கும் தெரியும். அந்தம்மா அப்படியே கைகூப்பிவிட்டார். "புனுகுப் பூனை வந்துகீதா? சாமியே அனுப்பிச்சிகீறாரு! தொரத்திகிரத்தி வெச்சிடாதம்மா."

மறுநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மேலே வந்தார். சப்போட்டா மரக்கிளை எங்கள் கூரையைத் தொடுகிற இடத்தில் ஒரு தட்டு, தட்டில் பழம், பக்கத்தில் கற்பூரம். காலையில் தட்டு காலியாக இருந்தது. அவ்வளவுதான், தெருவே வந்துவிட்டது. காணிப்பாக்கத்திலிருந்து அவருடைய சொந்தக்காரர் ஒருவர் சின்ன டப்பாவோடு வந்து, கூரையில் புனுகு ஒட்டியிருந்தால் கொஞ்சம் சுரண்டித் தரும்படி கேட்டார். நான் சுரண்டித் தரவில்லை. அவரே ஏணி போட்டு ஏறி எதையோ சுரண்டிக்கொண்டு போனார். அது என்னவென்று எனக்குத் தெரியும். அவர் அதை நெற்றியில் இட்டுக்கொண்டபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பத்து நாளில் பாசுமதி போய் மூத்திர நாற்றம் வந்தது. சீலிங்கில் மஞ்சள் வட்டம் ஒன்று விழுந்து நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. அழுகின பழமும் கழிவும் சேர்ந்து, சோறு வாயருகே போனாலே குமட்டியது. என் கணவருக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. இப்போது படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறினார். சிரிக்க வாயைத் திறந்தாலும் இருமல்தான் வந்தது. டாக்டர் பளிச்சென்று சொன்னார்: "வீட்டில் இருக்கிற நாற்றத்தையும் தூசியையும் முதலில் எடுங்கள். அது இருக்கிறவரை இன்ஹேலர் பாட்டுக்கு இன்ஹேலர், வீசிங் பாட்டுக்கு வீசிங்."

சரி, துரத்திவிடலாம் என்றால் குறுக்கே நின்றது யார்? மூச்சுக்குத் திணறுகிற அதே மனிதர்தான். "ஊர் உலகமே மணிக்கணக்கா க்யூவுல நிக்குது. நம்மள தேடி அதுவா வந்துகீது. வுடு" என்கிறார், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை இழுத்துக்கொண்டு. எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. அவர் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே, இவரை இழக்க வைக்கப்போவது என் வாய்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

யாரிடமும் சொல்லாமல் வனத்துறைக்குப் போன் செய்தேன். வந்த ஊழியர் டார்ச்சோடு ஏறிப் பார்த்துவிட்டு, "இதி புனுகு பில்லி காதம்மா, மானு பில்லி" என்றார். புனுகுப் பூனை இல்லையாம், சாதாரண மரநாய். புனுகுப் பூனை தரையில் வளை பார்த்து இருக்குமாம், இப்படிக் கூரை ஏறிக் குடித்தனம் செய்வது மரநாய்தானாம். உள்ளே மூன்று குட்டிகள். குட்டியோடு பிடிக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. வெளிச்சமும் சத்தமும் இருந்தால் தாயே குட்டிகளை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும், அதன்பிறகு ஓட்டையை அடைக்கலாம் என்று வழி சொன்னார். போகிற போக்கில், பழத்தட்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவன் இன்னா கண்டான், நேத்து வேலைக்கு வந்தவன்" என்றார். ஒரு நூறு வாட்ஸ் பல்பை ஒயர் போட்டு சீலிங்குக்கு மேலே விட்டேன். பக்கத்தில் ஒரு பழைய போனை வைத்துத் தெலுங்குச் செய்தி சேனலின் அரசியல் விவாதத்தை முழுச் சத்தத்தில் ஓடவிட்டேன்.

"இன்னாம்மா அது சத்தம்?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"சாமிக்குப் பொழுது போவணும்ல" என்றேன்.

"வெளிச்சம்?"

"தீபம்மா."

அவருக்குப் பரம திருப்தி.

இரண்டு நாள் அந்தக் கூச்சலைப் பொறுத்துக்கொண்ட தாய், மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி, சப்போட்டா மரம் வழியாகப் பின்னால் இருந்த மாந்தோப்புக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜன்னலில் நின்று எண்ணினேன். உள்ளே டார்ச் அடித்து எதுவும் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டேன். கணவரைப் புத்தூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்கு நாலு நாள் அனுப்பிவிட்டு, கொத்தனாரை வைத்துக் கம்பிவலை அடித்தேன், கிளையை வெட்டினேன். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, நாறிப்போன சீலிங்கை நானே பெயர்த்தெடுத்துப் போட்டுவிட்டு, மண்டியிட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினேன். முழங்கால் தோல் உரிந்துபோனது.

அவர் திரும்பி வந்த மறுவாரம் மாடிப்படியை நிற்காமல் ஏறினார். ஹவுஸ் ஓனர் அம்மா கீழேயிருந்து அதைப் பார்த்துவிட்டார்.

"பாத்தியாம்மா! புனுகு உங்க வூட்டுக்காரரு சீக்கை எடுத்துக்கினு போய்கீது!"

இவரும் பக்தியோடு தலையாட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. டாக்டர், இன்ஹேலர், என் முழங்கால், எல்லாவற்றையும் தாண்டி மரநாய்க்குப் போய்ச் சேர்ந்தது பெருமை. ஆனால் அவர் மூச்சு சத்தமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தது. பெருமையை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மாலை அந்தம்மா மேலே வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த வலைய கொஞ்சம் பிரிச்சி வுடேன்மா. எனக்கும் ரெண்டு வருஷமா முட்டிவலி. அது வந்துச்சின்னா அதையும் எடுத்துக்கினு பூடும்."

"தாராளமா வரட்டும்மா. உங்க சீக்கு எடுக்கறதுக்கு எங்க கூரை எதுக்கு? உங்க பெட்ரூம் பரணை ஒழிச்சித் தரேன், ஜன்னலத் தொறந்து வெச்சிப் பழத்த வைங்க. நேரா அங்கியே வந்து தங்கிக்கட்டும்."

அந்தம்மா பதறிப்போய் எழுந்தார். "அய்யய்யோ, வாணாம்மா! அந்த நாத்தம் எனக்கு ஒத்துக்காது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் என்னைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தும் இருமல் வரவில்லை.