ஒரே லொறியில் வந்த மூன்று அம்மாக்கள்

எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் வரலாற்று ஆசிரியை என்னை அழைத்து, மேசையில் மூன்று கட்டுரைகளை விரித்தார். இந்த நாட்டுக்கு வந்த கதையை வீட்டில் ஒருவரிடம் பேட்டி கண்டு, அவர் சொன்னதையே சான்றாக வைத்து எழுதவேண்டிய கட்டுரை. மூன்று தமிழ்ப் பிள்ளைகளின் அம்மாக்களும் ஒரே லொறியில் ஒளிந்து, ஒரே பனியில் எல்லை கடந்து, ஒரே நீலப் பையைத் தொலைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி நான்!

திருப்பி எழுதாவிட்டால் பூச்சியம் என்றார்.

எங்கள் பகுதியான மில்லிக்கனில் மூன்று பிள்ளைகளுக்கும் டியூசன் நடத்தி, அந்தக் கட்டுரையையும் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் மகளோடு போனேன்.

“எங்கட சனத்தின்ர கதை எல்லாம் ஒண்டுதானே, தங்கச்சி. பாடமாக்கினால் மார்க்ஸ் வரும்” என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல். பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சி பழக்கும் இந்த மனிதரையா ‘சேர், சேர்’ என்று கும்பிட்டேன்?

காரில் மகளிடம், “என்னட்டக் கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“நீங்க பிளேன்ல வந்தனீங்க. அது போரிங் எண்டு மாஸ்டர் சொன்னவர்.”

“எயார்போட்டில உன்ர அப்பாவை எனக்கு அடையாளம் தெரியேல்லை. படத்தில மட்டும்தான் பாத்தனான். வேற ஆரையோ பாத்துச் சிரிச்சிட்டன்.”

“வாட்? அம்மா, வெயிட்!” போனில் பதிவை அழுத்தினாள். “முதல்ல இருந்து சொல்லுங்கோ.”

சொல்ல ஒன்றுமில்லை என்று அதுவரை நானும்தான் நினைத்திருந்தேன்.