சாவிக்காரர் முக்கு

அந்த முக்கில் இருபத்தெட்டு வருஷமாக ஒரே மேசை. மூன்று கால் மரம், நாலாவது கால் செங்கல். மேலே அரம், குறடு, வளையத்தில் கோத்த வெற்றுச் சாவிகள். வழி கேட்டவர்களுக்குத் தெருவே, "சாவிக்காரர் முக்குல திரும்புங்க" என்று சொல்லும். அவருடைய சொந்தப் பெயர் மனைவிக்கே சண்டையின்போதுதான் ஞாபகம் வரும்.

ஒருநாள் நகராட்சிக்கு, தெருவின் அடையாளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஞானம் பிறந்தது. அளக்க அனுப்பிய பொறியாளர் ஓர் அறிவுக்கொழுந்து. ஆள் நடமாட்டம் இருந்தால் நாடா பிடிக்க இடைஞ்சல் என்று வார விடுமுறையாகப் பார்த்து வந்தார். கடைகள் சாத்தியிருந்தன, மேசையும் வீட்டுக்குப் போயிருந்தது. 'காலி இடம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றே மாதத்தில் அங்கே கருங்கல் பதித்து, இரும்புத் தூண் நட்டு, 'சாவிக்காரர் முக்கு' என்று வளைந்த எழுத்தில் பலகை மாட்டினார்கள். மேசை மட்டும் கூடாதாம், அழகு கெடுமாம். பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டுப் பிள்ளையை வெளியே துரத்திய கதை! சாவிக்காரர் போய்க் கெஞ்சினார். உங்கள் பெயரைத்தானே வைத்திருக்கிறோம், இன்னும் என்ன வேண்டும் என்று பொறியாளர் சலித்துக்கொண்டார்.

சாவிக்காரர் மேசையோடு பின்சந்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தேடி வந்தவர்கள் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் பூட்டோடு திரும்பினார்கள். வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது.

திறப்பு விழாவையும் அந்த மகாபுத்திசாலிகள் வார விடுமுறையில்தான் வைத்தார்கள். வண்டிகளைத் தடுக்கப் போட்ட அலங்காரக் கதவில் பூட்டு தொங்கியது. அதன் சாவியோ பூட்டிய அலுவலகத்துக்குள். நகராட்சித் தலைவர் வெயிலில் நிற்க, பொறியாளர் வேர்த்து விறுவிறுத்துச் சாவிக்காரர் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"அங்க பலகை இருக்குல்ல சார். அதுகிட்டச் சொல்லுங்க, தொறக்கும்" என்றார் சாவிக்காரர்.

பொறியாளர் கையெடுத்துக் கும்பிட்டார். மனைவி குறுக்கே வந்தாள்.

"சாவியை ராவும்போது இறுக்கிப் பிடிக்கிற வைஸ் மேசையோட முறுக்கியிருக்கு. மேசையைத் தூக்கிட்டுப் போய் முக்குல போடுங்க, வருவாரு."

ஒரு முனையைப் பொறியாளரே தூக்கினார். பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. தலைவர் பேசும்போது பலகைக்குக் கீழே கிடந்த மேசையைச் சுட்டிக்காட்டி, அடையாளத்தைக் காப்பதென்றால் இப்படி அல்லவா என்று பொறியாளரைப் புகழ்ந்து தள்ளினார். அந்த மனுஷர் கொஞ்சமும் கூசாமல் தலை குனிந்து அதை வாங்கிக்கொண்டார்.

இனி எந்த வாயால் எடுக்கச் சொல்வார்? மேசை அங்கேயேதான் கிடக்கிறது, செங்கல் கால் உள்பட.