கொக்குப் பட்டத்தின் இடது சிறகு

இருபது வருடத்துக்கு மேலாகக் கண் வைத்தியராக இருந்ததில் என் குரல் கெட்டுப்போனதற்கு ஒரே ஒரு வசனம்தான் காரணம். "குத்தின சாமானைப் பிடுங்காதேங்கோ, அப்படியே கொண்டு வாங்கோ." யாழ்ப்பாணத்தில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. பிள்ளையின் கண்ணருகே ஈர்க்கோ பென்சிலோ குத்தினால் முதலில் பிடுங்குவார்கள். பிறகு தூர எறிவார்கள். எறிந்ததை நாலு வார்த்தை திட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் நினைவு வரும்.

அந்தத் தை மாதம் தொண்டைமானாற்றிலிருந்து வந்த நாலு வயதுப் பெண் பிள்ளைக்குப் பிடுங்கியதோடு மேலதிகமாக ஒரு வைத்தியமும் நடந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காரியைக் கூப்பிட்டுக் கண்ணில் தாய்ப்பால் விட்டிருந்தார்கள். "எத்தினை துளி?" என்று கேட்டேன். நான் கிண்டல் செய்கிறேன் என்று தெரியாமல் தாய்க்காரி யோசித்து, "மூண்டு, டொக்டர்" என்றாள்.

நடந்தது இதுதான். தகப்பன் ஓட்டோ ஓட்டுபவர். தை பிறந்தால் ஓட்டோவை மறந்து பட்டம் கட்டுபவர். கடற்கரையில் நடக்கும் போட்டிக்காக ஆள் உயரத்துக்கு ஒரு கொக்குப் பட்டம் கட்டி, தாள் ஒட்டுமுன் விறாந்தைச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார். மகள் தானும் கொக்கு என்று கதிரையில் ஏறி நின்று பறந்திருக்கிறாள். இறங்கிய இடம் பட்டத்தின் இடது சிறகு. அதன் மூங்கில் நுனி இடது கண்ணின் மூக்கோரமாக, மேலிமையில் குத்திவிட்டது. தாய் ஓடிப்போய்ப் பிள்ளையை இழுத்தெடுத்திருக்கிறாள்.

பார்த்தால் பெரிய காயமில்லை. இமையில் ஒரு சின்னப் பொத்தல், கொஞ்சம் வீக்கம். கண்விழிக்கு ஒன்றுமில்லை, பார்வையும் நன்றாக இருந்தது. ஸ்கானில் கண்குழிக்குள் ஒரு கறுத்த கோடு தெரிந்தது. குச்சியோடு உள்ளே போன காற்று என்று முடிவு செய்தோம். காய்ந்த மூங்கிலும் ஸ்கானில் காற்றுப் போலவே கறுப்பாகத் தெரியக்கூடும். இதை மாணவர்களுக்கு மேசையில் தட்டிப் படிப்பிப்பவள் நான். இரண்டு நாள் மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிவிட்டேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. மரத்துண்டு ஏதும் உள்ளே தங்கினால் அழுகிச் சீழ் பிடிக்கும். கண் போகும், அது மூளைக்கு ஏறினால் பிள்ளையே போகும். அதனால் தகப்பனைப் பார்த்து, "தம்பி, நாளைக்கு வரேக்கை குத்தின சாமானைக் கொண்டு வாரும்" என்றேன்.

மறுநாள் காலை வாசலில் ஒரே சத்தம். காவலாளி கையை விரித்து நிற்கிறார். அவருக்கு முன்னால் தகப்பன், தலைக்கு மேல் முழுப் பட்டம். ஓட்டோவின் இரண்டு பக்கமும் சிறகு நீட்டிக்கொண்டிருக்க, தொண்டைமானாற்றிலிருந்து அப்படியே வந்திருக்கிறார்.

"உள்ளுக்கை விடேலாது. பாஸ் ஒராளுக்குத்தான்."

"டொக்டர்தான் கொண்டு வரச் சொன்னவ!"

என்னைப் பார்த்த காவலாளியின் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பட்டத்தைப் பக்கவாட்டில் சரித்து, இரண்டு தாதிமார் வாலைத் தூக்கிப் பிடிக்க, வாட்டுக்குள் கொண்டு வந்தோம். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் அழுகையை நிறுத்தினார்கள். அந்த வாட்டில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"தடியை மட்டும் கழட்டிக் கொண்டு வந்திருக்கலாமே?"

"கழட்டினா சமன் கெட்டுப் போம், டொக்டர்." மகள் கட்டிலில் படுத்திருக்கிறாள், இவருக்குச் சமன் முக்கியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடது சிறகின் நுனி பிய்ந்திருந்தது. "உடைஞ்ச துண்டு எங்கை?"

"வீடு முழுக்கக் கூட்டிப் பாத்தன். கிடைக்கேல்லை."

"முதலே கட்டையா வெட்டியிருப்பீர்."

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் மாறிவிட்டது. மடியிலிருந்து நூலை எடுத்து, வலது சிறகை அளந்து, அதே நூலை இடது சிறகில் வைத்தார். "ரெண்டு சிறகும் ஒரே அளவு. ஒரு நூல் பிசகினாலும் பட்டம் ஒரு பக்கம் சரிஞ்சு குத்தும். பத்து வருசமாக் கட்டுறன், டொக்டர். என்ரை பட்டம் சரிஞ்சதெண்டு ஊரிலை ஒருத்தரும் சொல்லேலாது." நூலில் மிஞ்சியது என் சின்னவிரலில் பாதி. "இவ்வளவு துண்டும் எங்கை போனது?"

இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தோம். பிள்ளை பட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதியிருந்ததை வெட்டினேன்.

அன்று மத்தியானமே சத்திரசிகிச்சை. இமையின் மடிப்பால் திறந்து, கண்விழியை ஒதுக்கி மெல்ல மெல்ல உள்ளே போனால், காற்று என்று நாங்கள் சொன்ன இடத்தில் மூங்கில் துண்டு இருந்தது. வெளியே எடுத்தபோது எனக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. துண்டைக் கழுவிக் கிண்ணத்தில் போட்டு, "கொண்டுபோய் அந்தப் பட்டக்காரருக்குக் காட்டுங்கோ" என்று தாதியை அனுப்பிவிட்டு, தையல் ஊசியைக் கையில் எடுத்தேன்.

தாதி திரும்பி வந்து கதவோரம் தயங்கினாள்.

"என்ன?"

"சிறகிலை வைச்சுப் பாத்தவர், டொக்டர். இன்னும் ஒரு நெல்லளவு குறையுதாம்."

"நெல்லளவோ?" என்று கத்தினேன். "ஒப்பறேசன் செய்யிறது நானோ, ஓட்டோக்காரரோ?"

மயக்க மருந்து கொடுப்பவர் கூரையைப் பார்த்தார். ஊசியை வைத்துவிட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே மறுபடி உள்ளே தேடினேன். ஆழத்தில், எலும்போடு ஒட்டி, கூரான நுனி கிடந்தது. ஒரு நெல்லளவுதான். அதை உள்ளே விட்டுத் தைக்கப் போனவள் நான்.

கிண்ணம் இரண்டாம் முறை போய் வந்தது. "இப்ப சரியாம்" என்றாள் தாதி.

வெளியே வந்தபோது தகப்பன் சுவரோரம் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். "நுனி அழகா இருக்கோணுமெண்டு நான்தான் சீவினனான், டொக்டர்" என்றார். பக்கத்தில் நானும் குந்தினேன்.

"காத்தெண்டு எழுதினது நான்தான், தம்பி" என்றேன்.

நாலு கிழமை கழித்துக் கிளினிக்குக்கு வந்தார்கள். தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வலது கண்ணை மூடி, படம் போட்ட அட்டையைக் காட்டினேன். வீடு, குடை, பூ என்று ஒப்புவித்தாள். நான் விரலை வைக்குமுன்பே ஒப்புவித்தாள். முன்னால் போன பிள்ளை சொன்னதைக் கேட்டுப் பாடமாக்கியிருந்தாள் கள்ளி.

"சரி, அட்டை வேண்டாம். வெளியிலை என்ன தெரியுது?" மூடிய கண்ணைத் திறக்க விடாமல் அவளை ஜன்னலுக்குத் திருப்பினேன்.

"பட்டம்."

"என்ன பட்டம்?"

"கொக்கு." கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரியுது. அப்பான்ரை இல்லை."

தகப்பன் ஜன்னலடிக்கு ஓடினார். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஓம் டொக்டர், இடது சிறகு கட்டை" என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்கு வானத்தில் ஒரு புள்ளிதான் தெரிந்தது.